மணற்காற்றில் வாழ்ந்த மோட்டார்

கோலார் தங்க வயலில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் வீட்டார் மேற்குப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்திவிடுவது வழக்கம். அவர்கள் அஞ்சுவது காற்றுக்கு அன்று. காற்று சுமந்து வரும் பொடிக்கு. சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை ஆலையில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் அதிலுள்ள தங்கத்தைப் பிரித்தெடுத்த பின், எஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடுகள் எம் ஊரில் குன்றுகள் போல் நிற்கின்றன. சயனைடு மேடு என்பது ஊர் வழக்கு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தொழில் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து வெளியேறிற்று என்பர். தங்கம் போயிற்று, சக்கை எம்மோடு தங்கிவிட்டது.

அந்தச் சக்கையில் பெரும்பகுதி பாறைத் தூள். அதிலே குவார்ட்ஸ் என்னும் வெண்கல் மிகுதி. குவார்ட்ஸ் எஃகைக் கீறும், கண்ணாடியையும் கீறும். சுரங்கத்தினுள் துளை போடும்போது பறந்த இத்தகைய தூளே எம் முன்னோர் பலருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தந்தது. மனிதனின் மூச்சையே அடைக்கக்கூடிய தூள், மோட்டார் வண்டியின் வர்ணத்தை மட்டும் விட்டுவிடுமா? ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, காற்றுக் காலத்தில் வெளியே நிறுத்திய வண்டியை மறுநாட் காலையில் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். துணி செல்லும் வழியெல்லாம் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். ஊரில் ஒரு பாலைவனத்தை வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் நாம். இந்த அனுபவத்தை நம்பித்தான் பாலைவனத்து மோட்டார் ஒன்றை மதிப்பிடும் பொறுப்பை ஏற்கத் துணிந்தோம். அந்தத் துணிவு எங்கே சரியாயிற்று, எங்கே தவறிற்று என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மராட்டியத்திலும் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் அவ்விடத்திலேயே பழைய வண்டி வாங்கி ஊர் திரும்பும்போது ஓட்டி வருகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படலாம்.

எம் அண்டை வீட்டு நண்பர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலத்தடித் தொழிலாளராக இருந்தவர். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகச் சென்ற சுரங்கம் அது. சுரங்கம் மூடியபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த தொகையை அவர் தொடாமல் வங்கியில் வைத்திருந்தார். அவருடைய மகன் பெங்களூரில் பொறியாளன். மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, இரவில் திரும்பும் எம் ஊர் இளைஞர் ஆயிரக்கணக்கானோரில் அவனும் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஓர் ஆசை. தாழ்ந்து படுத்தாற்போல் இருக்கும் இருகதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மோட்டார்களைப் பற்றி அவனுடைய பாட்டனார் சொன்ன கதைகள் அதற்கு வித்திட்டிருக்க வேண்டும். புதிது வாங்கும் வசதி எவருக்கு உண்டு? 2019ஆம் ஆண்டில், ஜோத்பூரில் ஒரு பெரியவரிடம் பத்து வயதான சிவப்பு வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அவன் அறிந்தான். தன் சேமிப்புப் போதவில்லை. தந்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் சுரங்கப் பணத்தில் பாதியை எடுத்துக் கொடுத்தார்.

“மாமா, நீங்களும் பெயிண்டர் தாத்தாவும் கூட வந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன்” என்றான் பையன். பெயிண்டர் தாத்தா என்றது, ராபர்ட்சன்பேட்டையில் நாற்பது ஆண்டு மோட்டாருக்கு வர்ணம் அடித்த முதியவரை. நாம் சுரங்கத்து மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஆக, இரு கிழவர்களும் ஓர் இளைஞனும் வைகாசி மாத வெயிலில் ரயிலேறி ஜோத்பூர் சென்று சேர்ந்தோம். அந்த வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நலம்.

வண்டியின் சொந்தக்காரர் கண்ணியமான மனிதர். மோர் கொடுத்து உபசரித்த பின்னரே கொட்டகையைத் திறந்தார். வண்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அருகே சென்றதும் பையனுடைய முகம் வாடிவிட்டது. பானெட்டின் முன் விளிம்பு முழுவதும் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள். சில எள்ளளவு, சில மிளகளவு. முன் பம்பரிலும் அப்படியே. “அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கிறதே மாமா” என்றான்.

அவனுக்கு அங்கே நாம் சொன்னதை இங்கும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இக்காலத்து மோட்டாரின் வர்ணம் ஒரே பூச்சு அன்று. தகட்டின்மேல் முதலில் துருத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சு. தொழிற்சாலையில் இட்ட இவ்வளவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமனே இருக்கும். இரண்டு தலைமயிரைச் சேர்த்து வைத்த கனம். சாலையில் முன்னே செல்லும் லாரியின் சக்கரம் எற்றிய கல் வந்து மோதும்போது இந்த அடுக்குகளில் எதுவரை பெயர்ந்தது என்பதைப் புள்ளியின் நிறமே சொல்லிவிடும். வெண்மையான சிறு வடு மட்டும் தெரிந்தால் மேற்பூச்சோடு நின்றது. சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை சென்றது. பளிச்சென்று உலோகம் தெரிந்தால் அடிவரை போயிற்று. பழுப்பு நிறம் தெரிந்தால் துரு பிடித்துவிட்டது. புள்ளியைச் சுற்றிப் பூச்சு கொப்புளம்போல் எழும்பியிருந்தால் துரு அடியிலே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதுவே அஞ்சத்தக்கது.

இனிப் பாலைவனத்து மணல் செய்வது வேறு. அது காற்றில் தத்தித் தத்திச் செல்வது. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே பறக்கும். ஆகையால் உயர்ந்த ஜீப்பைவிடத் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரே அதன் அடியை அதிகம் வாங்கும். பம்பரின் கீழ்ப்பாகம், விளக்குக் கண்ணாடி, கதவின் கீழ்விளிம்பு, நம்பர் பலகை ஆகியவை உப்புத்தாள் போட்டாற்போல் மங்கிப்போகும். கல்லடி தனித்தனிக் குழியாக விழும். மணலடி ஒரு பரப்பையே சொரசொரப்பாக்கும். விரலின் நுனியை மெல்ல ஓட்டினால் வேறுபாடு விளங்கும். எம் ஊர்ப் பொடிக்கும் அந்த நாட்டு மணலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. காற்றிலே நெடுங்காலம் உருண்ட பாலை மணல் முனை மழுங்கி உருண்டையாகிவிடுகிறது. ஆலையில் அரைபட்ட எம் ஊர்த் தூளோ மிக நுண்ணியது, முனைகள் கூரியவை. அது குழி பறிக்காது. துடைக்கும் கையோடு சேர்ந்துகொண்டு கீறும்.

பையனிடம் நாம் கேட்டோம்: “பத்து ஆண்டு நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் முகத்தில் புள்ளி இல்லாமல் இருக்குமா?” இராது. பானெட்டின் முன்விளிம்பு, பம்பர், முன்கண்ணாடியின் இருபுறத்துத் தூண்கள், பக்கக் கண்ணாடிகளின் முன்புறம் ஆகிய இடங்களில் கல்லடி விழுந்தே தீரும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அகன்ற டயர். அது எற்றும் கல் தன் உடம்பையே தாக்கும். அதனால் முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்படியிலும், பின்சக்கர மட்கார்டின் முன்பாகத்திலும் புள்ளிகள் காணப்படும். இவை எல்லாம் இயல்பான இடங்கள். இந்த இடங்களில் புள்ளியே இல்லாமல் மழமழவென்று இருந்தால்தான் கேள்வி கேட்கவேண்டும். அப்போது எதிர்பட்ட வண்டி பழையது, வர்ணம் மட்டும் புதியது.

முன்கண்ணாடியையும் இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். மாலைச் சூரியன் எதிரே இருக்கும்படி வண்டிக்குள் அமர்ந்து பார்த்தால், மணல் மோதிய கண்ணாடியில் ஆயிரம் சிறு புள்ளிகள் மின்னும். கண்ணாடி அப்படி மின்னும்போது பானெட்டு மாத்திரம் மாசுமறுவற்று இருந்தால் இரண்டில் ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. எம் ஜோத்பூர் வண்டியில் கண்ணாடியும் பானெட்டும் ஒரே கதையைத்தான் சொல்லின.

இங்கே ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பட்டி பூசிய தகட்டைக் கண்டுபிடிக்க எம் காலத்துப் பட்டறைகளில் ஒரு காந்தத் துண்டு போதும். இரும்பிலே ஒட்டும், கனத்த பட்டியிலே ஒட்டாது. அந்தக் காந்தத்தை முடிந்து வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருந்தோம். பானெட்டின்மேல் வைத்தோம், வழுக்கிக் கீழே விழுந்தது. நான்கு இடங்களில் வைத்தோம், நான்கிலும் விழுந்தது. “பானெட்டு முழுவதும் பட்டி!” என்று தமிழில் பையனிடம் இரகசியமாகச் சொன்னோம். சொந்தக்காரருக்கு மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரிந்துவிட்டது போலும். சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கி உட்புறத்தைக் காட்டினார். அது அலுமினியம். எடை குறைவதற்காக இத்தகைய வண்டிகள் சிலவற்றில் பானெட்டை அலுமினியத்தால் செய்கிறார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, செந்துருவும் பிடிக்காது, கெட்டுப்போனால் வெண்பொடி பூத்துக் கொப்புளிக்கும். பையன் அஞ்சிய அத்தனை புள்ளிகளிலும் ஒன்றுகூடப் பழுப்பாக இல்லாததற்குக் காரணம் அதுவே. பூச்சின் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவி இப்போது கிடைக்கிறது. வாங்குவோர் இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும். தொழிற்சாலைப் பூச்சு என்றால் மேலே சொன்ன அளவுக்கு அருகே காட்டும். இருமடங்கு காட்டினால் மறுபூச்சு. 500, 1000 என்று ஏறினால் அடியிலே பட்டி. ஒரே தகட்டில் பத்து இடங்களில் அளப்பது நலம். அந்தக் கருவி அன்று எம்மிடம் இல்லை.

வெயில் செய்த வேலையையும் பார்த்தோம். மழை குறைந்த நாட்டில் வாழ்ந்த வண்டியின் எலும்பு கெடாது, தோல்தான் கெடும். ஜோத்பூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மங்களூரில் அதைப்போல் பத்து மடங்கு. ஆகவே பாலைவனத்து வண்டியின் அடிப்பாகம் எலும்புபோல் உலர்ந்து உறுதியாக இருக்கும். அதற்குப் பதிலாகப் பானெட்டு, கூரை, டிக்கி ஆகிய வானம் பார்த்த பரப்புகளில் சூரியன் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். சிவப்பு நிறம் மிக விரைவில் வெளுக்கும். பளபளப்புப் பூச்சு வெந்த தோல்போல் உரியத் தொடங்கினால் மெருகேற்றிப் பயனில்லை. முழுத் தகட்டுக்கும் மறுபூச்சு வேண்டும். ரப்பர் பீடிங் விறைத்து வெடிக்கும். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்திலும் சன்னல் கண்ணாடி இறங்கும் பள்ளத்திலும் மணல் கிடக்கும். இந்த வண்டி கொட்டகையில் நின்றதால் கூரை நன்றாகவே இருந்தது. ரப்பர் மட்டும் போயிற்று.

இப்போது எம் தவறுக்கு வருகிறோம்.

இடப்புறக் கதவில் புள்ளியே இல்லை. வலப்புறக் கதவின் கீழ்விளிம்பு மணலடியால் மங்கியிருந்தது. இடப்புறம் கண்ணாடிபோல் இருந்தது. பெயிண்டர் பெரியவர் அதைத்தான் முதலில் பார்த்தார். குனிந்து, ரப்பரின் ஓரத்தில் சிவப்பு வர்ணம் பொடிப்பொடியாகத் தெறித்திருப்பதைக் காட்டினார். கதவைத் திறந்து, விளிம்பில் காகிதம் ஒட்டி மறைத்த இடத்தில் மேடாக நின்ற கோட்டை நகத்தால் தடவிக் காட்டினார். “இது பட்டறையில் அடித்தது. கேளுங்கள்” என்றார். கேட்டோம். வாயிற் கதவில் உரசிவிட்டது, நிறம் மட்டும் அடித்தோம் என்றார் சொந்தக்காரர். அவர் பொய் சொன்னார் என்று நாம் கூறவில்லை; பட்டறைக்காரர் அவரிடம் அவ்வளவே சொல்லியிருக்கலாம். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. “உள்பக்கத்து அட்டையைக் கழற்றிக் கதவின் அடியைப் பார்க்கவேண்டும்” என்றார். அதற்கு மேலும் ஒரு நாள் தங்கவேண்டும். வெயில் எம்மை வாட்டியது, பையனும் துடித்துக்கொண்டிருந்தான். புள்ளி நிறைந்த பானெட்டையே ஒத்துக்கொண்டாயிற்று, புள்ளியில்லாத கதவில் என்ன வந்துவிடப்போகிறது என்று நாம் சொல்லிவிட்டோம். பெரியவர் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விலையில் சற்றுக் குறைத்தார்கள், பேரம் முடிந்தது.

ஜூலைக் கடைசியில் பையன் வண்டியை ஓட்டிக்கொண்டு புறப்பட்டான். உதயப்பூர், ஆமதாபாத், பூனா, கோலாப்பூர், ஹூப்ளி வழியாகப் பயணம். அந்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் கோலாப்பூர், சாங்லிப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அதற்குச் சில நாள் முன்னர் அவன் அவ்வழியே கடந்தான். மூன்று நாள் மழையிலேயே ஓட்டம்.

தங்க வயலுக்கு வந்து சேர்ந்ததும் தெருவே கூடிப் பார்த்தது. தந்தை மட்டும் வெகுநேரம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பின் எழுந்து வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். மோட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கைக்கு ஒன்று தெரியும். சுரங்கத்தில் ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன், மேலே நிற்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது தொழிலாளர் வழக்கம். பாறை கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் உள்ளே விரிசல், எப்போதும் விழலாம். பாறைவெடிப்புகளுக்குப் பேர்போன எம் சுரங்கங்களில் அந்த ஓசையைக் கேட்கத் தெரிந்தவனே வீடு திரும்புவான். பழக்கத்தால் அவர் விரல்முட்டியால் தகடுகளைத் தட்டிக்கொண்டே வந்தார். இடப்புறக் கதவின் கீழ்ப்பாதியை அடைந்ததும் கை நின்றது. மறுபடி தட்டினார். “இங்கே பொத்தென்கிறதே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாம் அப்போதும், பட்டி சிறிது இருக்கலாம் என்று சமாதானம் கூறினோம். இரண்டு வாரத்தில் கதவின் கீழ்மடிப்பில் பழுப்புக் கசிவு தெரிந்தது. ஆவணி பிறப்பதற்குள் நான்கு கொப்புளங்கள் எழுந்தன. பெயிண்டர் பெரியவர் வந்து உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார். விளங்கிவிட்டது. கதவு நசுங்கியிருக்கிறது. டிங்கர் வேலை செய்தவர் தகட்டை அடித்து நிமிர்த்தி, சாணைச் சக்கரத்தால் உரசி, பட்டியை அப்பியிருக்கிறார். இக்காலத்து மோட்டார்த் தகடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் துத்தநாக முலாம் உண்டு. ஒரு புள்ளி அடிவரை பெயர்ந்தாலும் அந்தத் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைச் சில காலம் காக்கும். சாணைச் சக்கரமோ முலாத்தை முழுவதும் தின்றுவிட்டது. கீழ்மடிப்பில் ஈரம் புகாமல் அடைக்கவும் இல்லை. ஜோத்பூரின் வறண்ட காற்றில் அந்த இரும்பு ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்தது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 60க்கு மேல் ஏறினால் இரும்பு விரைந்து துருவேறும் என்பார்கள். மூன்று நாள் மழையில் அதற்கு வேறென்ன வேண்டும்? கதவின் அடியில் நீர் வடிவதற்காக உள்ள துளைகளைப் பாலை மணல் அடைத்திருந்தது. மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியிருக்கிறது. உள்ளிருந்து அவர் வழித்தெடுத்த ஈர மணலை ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு எம்மிடம் நீட்டினார். “ஜோத்பூரில் ஒரு நாள் தங்கியிருந்தால் இது உலர்ந்த மணலாக இருந்திருக்கும்” என்றார்.

அந்தச் சொல்லைவிட, தந்தையின் மௌனமே எமக்குக் கடினமாக இருந்தது. பூமிக்கடியில் முப்பது ஆண்டு உழைத்த கூலியின் ஒரு பகுதி அந்தக் கதவில் இருந்தது. செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னோம், அவர் ஒப்பவில்லை. கடைசியில் பெரியவர் கூலி வாங்காமல் வேலை செய்தார். பொருட்செலவை நாம் கொடுத்தோம். பட்டியை முழுவதும் சுரண்டி, துருவைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை நீக்கி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, மடிப்பை அடைத்து, பின்னரே நிறம் ஏற்றினார். பட்டியை அவர் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. உப்புத்தாள் தேய்த்தால் போய்விடும் அளவுக்கு மெல்லியதாக ஓர் ஓட்டம் விட்டார்.

பானெட்டுப் புள்ளிகளை அவர் சரிசெய்த முறையையும் சொல்லவேண்டும். எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதலில் சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்தவேண்டும். மெழுகுப் பசை இருந்தால் சாராவியால் துடைத்து நீக்கவேண்டும். புள்ளிக்குள் தளர்ந்து நிற்கும் பூச்சை ஊசிமுனையால் எடுக்கவேண்டும். மெல்லிய தூரிகையின் நுனியால், பள்ளத்துக்குள் மட்டும், பிரைமரை ஒரு துளி விடவேண்டும். அது உலர்ந்தபின் நிறத்தை இரண்டு மூன்று முறை மெலிதாக விட்டு, மேற்பூச்சை முடிவில் விடவேண்டும். ஒரே முறையில் பெரிய துளியாக விட்டால் சுருங்கி உலர்ந்து மரு போல் நிற்கும். நிறத்தின் குறியீட்டு எண் வண்டியிலேயே ஒட்டியிருக்கும். அதைக் காட்டிக் கடையில் கேட்டால் கலந்து கொடுப்பார்கள். வெயில் கண்ட பழைய வர்ணத்தோடு புதிய நிறம் அப்படியே ஒத்துவராது. ஒத்துவரவேண்டும் என்பதற்காகப் பானெட்டு முழுவதையும் அடித்துவிடலாமே என்று பையன் கேட்டான். பெரியவர் மறுத்துவிட்டார். நாளை நீ விற்கும்போது வாங்க வருகிறவன் எதைப் பார்த்து நம்புவான் என்று கேட்டார்.

வறண்ட நாட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவருகிற அன்பர்கள் அங்கே புறப்படுமுன்னரே உலோகம் தெரியும் புள்ளிகளை இவ்வாறு மூடிவிடவேண்டும். இங்கு வந்தபின் செய்யலாம் என்று ஒத்திப்போடுவது கூடாது. அடிப்பாகத்தையும் சக்கரப் பள்ளங்களையும் நீர் பாய்ச்சிக் கழுவி, வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிடவேண்டும். ராஜஸ்தானத்தில் சாம்பர், பச்பத்ரா போன்ற உப்பு நிலங்கள் இருக்கின்றன. அவ்வட்டாரத்துப் புழுதியில் உப்புக் கலந்திருக்கக்கூடும். அது உலர்ந்திருக்கும்வரை சாதுவாக இருந்து, சென்னை, பம்பாய் போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றை உறிஞ்சியதும் இரும்பைத் தின்னத் தொடங்கும். கடலோர ஊரில் வாழ்ந்த வண்டியைப் பாலைவனத்தில் விற்பவரும் உண்டு. அத்தகைய வண்டி அங்கே எவ்வளவு காலம் இருந்தது என்பதை ஆர்.சி. புத்தகமே காட்டும். ஜோத்பூர் வண்டியின் எண் ஆர்.ஜே. 19 என்று தொடங்கும் என்பது மட்டும் போதாது. முதன்முதல் எங்கே பதிவாயிற்று என்று பார்க்கவேண்டும். வேற்று மாநிலத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் நம் மாநிலத்தில் வைத்திருப்பதானால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே புதிய எண் பெறவேண்டும். அதற்கு முன் பதிவு அலுவலகத்தாரிடம் ஆட்சேபமின்மைச் சான்று வாங்கிவர வேண்டும். பையன் இவற்றை எல்லாம் முறையாகச் செய்தான். அவ்வண்டி இப்போது எம் ஊர் அலுவலகத்தின் கே.ஏ. 08 என்னும் எண்ணைத் தாங்கியிருக்கிறது.

வண்டி பெங்களூருக்குப் போகாத நாட்களில் எம் தெருவில்தான் நிற்கிறது. முதல் ஆடிக் காற்றில் பையன் அதற்கு விலையுயர்ந்த துணியுறை ஒன்று வாங்கிப் போர்த்தினான். பொடி படிந்த வண்டியின்மேல் உறையைப் போர்த்தினால், காற்றடிக்கும்போது உறையே உப்புத்தாளாகித் தேய்க்கும் என்பதை அவன் அறியான். பெரியவர் அதை உருவி எறிந்தார். இப்போது காலைதோறும் தந்தை ஒரு வாளி நீரோடு வருகிறார். கூரையிலிருந்து மெல்ல ஊற்றிப் பொடியை வழியவிடுகிறார். இரண்டாவது வாளிக்குப் பிறகே ஈரத் துணியைத் தொடுகிறார். முடித்துவிட்டு வீட்டுக்குள் போகுமுன் இடப்புறக் கதவின் கீழ்ப்பாதியை விரல்முட்டியால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போகிறார்.